பெயின்ட்டுக்கு அடியில் இருக்கிறது விலை

பழைய அம்பாசடர் ஒன்றுக்கு முழு பாடியும் பெயின்ட் அடிக்க என்ன ஆகும் என்று விசாரித்துப் பாருங்கள். ஒரு பட்டறைக்காரர் வண்டியைத் தூரத்திலிருந்து பார்த்தே, “30,000 ரூபாய்க்குள்ள முடிச்சிடலாம் சார்” என்பார். இன்னொருவர் வண்டியைச் சுற்றி வருவார். குனிந்து கதவின் அடிவிளிம்பைக் கட்டைவிரலால் அழுத்துவார், டிக்கியைத் திறந்து ஸ்டெப்னிக்குக் கீழே பார்ப்பார். பிறகு தயங்கித் தயங்கி ஒன்றரை லட்சம் என்பார். நமக்கு முதலாமவர் நல்லவராகவும் இரண்டாமவர் கொள்ளைக்காரராகவும் தோன்றும். உண்மையில் இருவரும் தத்தம் வேலைக்குச் சரியான விலையைத்தான் சொல்கிறார்கள். வேலைதான் வேறு.

இரண்டு வேலையிலும் வண்டியின் மேலே விழப்போவது சில லிட்டர் பெயின்ட்தான். மலிவான டப்பாவுக்கும் உயர்ந்த டப்பாவுக்கும் உள்ள விலை வித்தியாசம் லட்ச ரூபாயை எட்டாது. மிச்சப் பணம் எங்கே போகிறது என்று தேடிப் போனால், பெயின்டர் தொழிலின் அழகெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அதில் பெரும்பகுதி வேலை முடிந்தபின் கண்ணுக்கே படாது.

அம்பாசடர் 1958 முதல் 2014 வரை, பெரும்பாலும் வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரான வண்டி. ஆகவே அவற்றில் ஆக இளையதற்கே பத்து வயது தாண்டிவிட்டது. இன்று பட்டறைக்கு வருவனவற்றில் பல ஏற்கெனவே இரண்டு மூன்று முறை சாயம் மாறியவை. பானட்டில் ஓர் இடத்தை உப்புத்தாளால் சாய்வாகத் தேய்த்தால் வண்டியின் வரலாறு வெளியே வரும். குறுக்கே அரிந்த வெங்காயம்போல வளையத்துக்குள் வளையம்: மேலே வெள்ளை, அதன்கீழ் சாம்பல் பிரைமர், அதன்கீழ் ஒரு மங்கிய நீலம், அதற்கும் கீழே செங்காவி நிற ரெட் ஆக்சைடு, நடுவில் பளீரென்று தகடு. அரசு அலுவலகத்தில் ஓடி ஏலத்தில் போன வண்டியா, கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு ஓடியதா என்று அனுபவசாலிப் பெயின்டர் அந்த வளையங்களைப் பார்த்தே ஊகிப்பார்.

செலவைத் தீர்மானிக்கும் முதல் முடிவு இங்கேதான் எடுக்கப்படுகிறது. இந்த அடுக்குகளின் மேலேயே அடிப்பதா, தகடு தெரியும்வரை உரிப்பதா? அடுக்குகள் உறுதியாக ஒட்டியிருந்தால் மேலே அடிப்பதில் தவறில்லை. ஆனால் அடியில் பழைய எனாமல் இருந்து, அதன்மேல் காரமான தின்னர் கலந்த புதுப் பெயின்ட் பட்டால், கீழே இருப்பது ஊறிச் சுருங்கி எழும்பும். நேற்று அடித்த பானட் இன்று சுருக்கம் விழுந்து கிடக்கும். அந்த ஆபத்தை அறவே தவிர்க்க விரும்புகிறவர் உரித்தாக வேண்டும். உரிப்பதற்கு ஆள்கூலி, உரித்த தகடு துருப்பிடிக்காமலிருக்க அன்றைக்கே பிரைமர். கணக்கு அங்கிருந்தே ஏறத் தொடங்கிவிடும்.

உரித்தால் துரு தெரியும். அம்பாசடரில் துரு பிடிக்கும் இடங்கள் அநேகமாக எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற அடியில் சிறு துளைகள் உண்டு. புழுதி அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே நின்று கதவின் அடியை அரிக்கும். முன்கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரப்பர் பீடிங்குக்கு அடியில், கதவுகளுக்கு மேலே ஓடும் மழைக்கால்வாயில், சக்கர வளைவின் உள்மடிப்பில், டிக்கித் தரையில் என்று தண்ணீர் தேங்கும் இடமெல்லாம் அப்படித்தான். கடற்காற்று அடிக்கும் ஊரானால் கேட்கவே வேண்டாம்.

இங்கே இரண்டு வழி. டிங்கர் துருப்பிடித்த தகட்டை வெட்டி எறிந்து, அதே வளைவில் புதுத் தகட்டைத் தட்டி உருவாக்கி வெல்டு வைக்கலாம். அல்லது ஓட்டையில் பட்டியை அப்பித் தேய்த்துவிடலாம். பெயின்ட் விழுந்தபின் இரண்டும் ஒன்றுபோலவே மின்னும். ஒரு மழைக்காலம் போனதும் பட்டிக்குப் பின்னாலிருந்து துரு கொப்புளமாகக் கிளம்பும். பழைய வண்டி வாங்கித் தேர்ந்தவர்கள் சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் வைத்திருப்பதன் ரகசியம் இதுதான். தகடு காந்தத்தைக் கவ்வும். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் காந்தம் வழுக்கி விழும். விரலால் தட்டினாலும் தெரியும்: தகடு ‘டங்’ என்னும், பட்டி ‘டொக்’ என்னும்.

அதற்காகப் பட்டியைப் பழிக்க வேண்டியதில்லை. நல்ல டிங்கர் உள்ளே டாலியை அண்டக் கொடுத்து வெளியே சுத்தியால் தட்டித் தட்டி ஒடுக்கை எடுத்தபின்னும், தகட்டில் மெல்லிய மேடுபள்ளம் மிச்சமிருக்கும். அதை நிரவத்தான் பட்டி. மெல்லியதாகப் பூசி, காயவிட்டு, 80 நம்பர் தாளில் தேய்த்து, மறுபடி பூசி, 180, 320 என்று ஏறி, பிரைமருக்குப்பின் 400, 600, 800 என்று தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பரில் தேய்ப்பது. நம்பர் ஏற ஏறக் கீறல் மெலிந்துகொண்டே போகும். ஒரு நம்பரைத் தாண்டிக் குதித்தால் அந்தக் கீறல் உடனே தெரியாது. பெயின்ட் காய்ந்து உட்கார்ந்தபின், சில வாரம் கழித்து, சாய்வெயிலில் கோடுகோடாக வெளியே வரும்.

தட்டையான கதவென்றால் கட்டையில் தாளைச் சுற்றித் தேய்த்துவிடலாம். அம்பாசடரில் தட்டையான இடமே குறைவு. புடைத்த பானட், உருண்ட மட்கார்டு, கவிழ்த்த சட்டிபோன்ற கூரை. வெறும் விரல் நுனியால் அழுத்தித் தேய்த்தால் விரல் பட்ட இடம் பள்ளமாகும். வளைவின் போக்கிலேயே கையைத் திருப்பி, உள்ளங்கை முழுதும் படும்படி தேய்க்க வேண்டும். சமமாக வந்ததா என்று பார்க்க ஒரு தந்திரம் உண்டு. சாம்பல் பிரைமரின் மேல் கருப்பை மெல்லத் தூவிவிட்டுத் தேய்ப்பார்கள். மேடான இடத்தில் கருப்பு உடனே போய்விடும். பள்ளத்தில் பொட்டாகத் தங்கி, இங்கே இன்னும் வேலை இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும்.

அதற்கும் மேலான சோதனை ஒன்று இருக்கிறது. மெல்லிய துணியை மட்கார்டின்மேல் விரித்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்து, பெயின்டர் மெதுவாக இழுத்துக்கொண்டு போவார். பெரும்பாலும் பார்வை வேறெங்கோ இருக்கும். பிரைமருக்குப் பளபளப்பு கிடையாது. பிம்பம் விழாத பரப்பில் மேடுபள்ளத்தைக் கண் அறியாது. அந்தக் கட்டத்தில் கைதான் நீதிபதி. கை ஓரிடத்தில் நின்று, அரை அங்குலம் பின்னால் போய், மறுபடி வந்தால் அங்கே இன்னொரு கோட் பட்டி என்று பொருள். பில்லில் இந்தத் தடவலுக்குத் தனி வரி கிடையாது. ஆனால் மெருகேறிய கருப்புக் கதவில் டியூப்லைட்டின் பிம்பம் நெளியாமல் நேர்கோடாக நிற்பது இந்தத் தடவலால்தான்.

கருப்பு என்றதும் நிறத்தின் விலையையும் சொல்லிவிடலாம். வெள்ளை மன்னிக்கும் நிறம். சிறு அலைகளை விழுங்கிவிடும். கருப்பு ஒன்றையும் மறைக்காது. கருப்பு கேட்டால் நல்ல பட்டறையில் விலை ஏறுவது பெயின்ட்டுக்காக அல்ல, அதற்கு முந்தைய தேய்ப்புக்காக. மெட்டாலிக் நிறத்தில் சங்கடம் வேறு வகை. அதிலுள்ள அலுமினியத் துகள்கள் எந்தச் சாய்வில் படிகின்றன என்பதைப் பொறுத்து ஒரே டப்பாவின் நிறம் கதவில் ஒன்றாகவும் மட்கார்டில் ஒன்றாகவும் தெரியும். பெயின்ட் தெளிக்கும் கன்னைப் பிடிக்கும் தூரமும் வேகமும் முதல் கதவிலிருந்து கடைசிக் கதவுவரை மாறக்கூடாது. நிறத்தையே மாற்றுகிறவர் ஆர்டிஓ அலுவலகத்தில் அனுமதி பெற்று ஆர்சியிலும் மாற்ற வேண்டும் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, எதையெல்லாம் கழற்றுவது? மலிவான வேலையில் கைப்பிடி, விளக்கு, கண்ணாடி ரப்பர் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பும் பழைய செய்தித்தாளும் சுற்றி மறைப்பார்கள். உயர்ந்த வேலையில் எல்லாம் கழன்று தனித்தனி டப்பாவில் போகும். கழற்றும்போது காய்ந்த ரப்பர் விரியும், கிளிப் உடையும். சென்னையென்றால், புது பீடிங் தேடி ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கோ, உடைந்த பாகத்துக்கு இணை தேடிப் புதுப்பேட்டைக்கோ ஆள் போக வேண்டும். அந்த அலைச்சலும் விலைதான். டேப் ஒட்டி அடித்தால் ரப்பர் ஓரத்தில் பெயின்ட் மெல்லிய உதடாக நிற்கும். உரிவது அங்கிருந்துதான் தொடங்கும். விவரம் தெரிந்தவர் முதலில் பளபளப்பைப் பார்க்கமாட்டார். கதவைத் திறந்து உள்விளிம்பைப் பார்ப்பார். பெட்ரோல் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். கீலில் பழைய நிறம் எட்டிப் பார்க்கிறதா என்று பார்ப்பார்.

கடைசியில்தான் கன் கைக்கு வருகிறது. இத்தனை நாள் வேலைக்குப் பிறகு சில மணி நேர விஷயம். புழுதி எழாமலிருக்கத் தரையில் தண்ணீர் தெளிப்பார்கள், பிசுபிசுத்த துணியால் பரப்பை ஒற்றி எடுப்பார்கள். கன் ஒரு சாண் அளவு தூரத்தில், பரப்புக்கு இணையாக ஓடும். கை மட்டும் வீசினால் நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெலிவாகவும் விழும் என்பதால் உடம்பே நகரும். ஒவ்வொரு ஓட்டமும் முந்தியதில் பாதியை மூடும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு பொறுப்பது? பெயின்டர் வண்டியைத் தொடமாட்டார். பக்கத்திலுள்ள மாஸ்கிங் டேப்பின்மேல் விழுந்த பெயின்ட்டை விரலால் தொடுவார். ஈரமாக ஒட்டினால் பொறுக்க வேண்டும். விரலில் ஒட்டாமல் லேசாகப் பிசுக்கென்றால் அடுத்த கோட். அவசரப்பட்டால் வடியும், உலர்ந்துபோய் விழுந்தால் ஆரஞ்சுத் தோலாகப் புள்ளியிட்டு நிற்கும்.

ஹார்டனர் கலந்த பியூ பெயின்ட்டில் ஐசோசயனேட் இருக்கிறது; நுரையீரலுக்கு ஆகாதது. முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பவரின் குறைந்த விலையில் அவர் உடம்பும் சேர்ந்திருக்கிறது. தக்க மாஸ்க், வடிகட்டிய காற்று, ஏறத்தாழ 60 டிகிரியில் சுடும் பூத் உள்ள இடத்தில் விலை கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். தெருவோரப் பட்டறையில், நிறத்துக்கு மேலே கடைசியாக அடிக்கும் ஈரமான கிளியர் கோட்டில் வந்து உட்காரும் கொசு, பூத்துக்குள் எளிதில் வராது.

பிறகு 1500, 2000 தாளில் தேய்த்து, காம்பவுண்ட் போட்டு மெருகேற்றுவது. அந்தக் கிளியர் கோட் பொதுவாக 40 முதல் 60 மைக்ரான். தலைமுடியின் பருமன்கூடத் தேறாது. மூலைகளில் இன்னும் மெல்லியது. அதனால் நல்ல கைகள் மெருகேற்றுமுன் விளிம்புகளுக்கெல்லாம் டேப் ஒட்டிவிடும்.

இவ்வளவு செலவழித்தாலும் வண்டியை விற்கும்போது அந்தப் பணம் முழுசாகத் திரும்பாது. அடித்தளம் உறுதியாக இருந்து, தினமும் கடைத்தெருவில் நிறுத்தி ஓட்டுகிற வண்டியானால், 30,000 ரூபாய் வேலையே போதும். அதைச் செய்கிறவரும் நேர்மையாளர்தான். அப்பாவின் வண்டியை இன்னும் இருபது வருடம் வைத்திருக்க விரும்புகிறவருக்குத்தான் மற்றது. எதுவானாலும், “எவ்வளவு ஆகும்?” என்பதோடு “எத்தனை நாள் ஆகும்? எதையெல்லாம் கழற்றுவீங்க?” என்றும் கேளுங்கள். கூடவே, பிரைமர் அடித்துத் தேய்த்த நிலையில் வண்டியைப் பார்க்க வரலாமா என்றும் கேளுங்கள். “அதுல பாக்க என்ன சார் இருக்கு, பெயின்ட் அடிச்சதும் வாங்க” என்பவர் விலையைக் குறைத்தாலும் யோசியுங்கள். “அப்பத்தான் சார் பாக்கணும்” என்பவரிடம் அட்வான்ஸைக் கொடுத்துவிடலாம்.