சந்தைவெளியில் ஆடும் குழந்தைகள்

சந்தைவெளியில் அமர்ந்து விளையாடும் சிறுவரை ஆண்டவர் இயேசு கூர்ந்து கண்டிருக்கிறார். குழல் ஊதியும் ஒப்பாரி வைத்தும் தோழரை ஆட்டத்திற்கு அழைத்த அச்சிறுவரை, மத்தேயு நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில், தம் தலைமுறைக்கே உவமையாக்கினார். அந்தச் சந்தையில் வணிகம் ஒருபுறம் நடந்தது. ஆட்டம் மறுபுறம் நடந்தது. ஒன்றுக்கு மற்றொன்று கடன்பட்டிருக்கவில்லை. இன்றைய பேரங்காடிகளிலோ குழந்தையின் ஆட்டமே வணிகத்தின் முதற்படியாக வைக்கப்பட்டிருக்கிறது. குடும்பங்களை ஈர்ப்பதற்கென்றே உள்ளரங்க விளையாட்டுக்கூடங்களை அமைக்கும் இவ்வழக்கம் எங்கே தொடங்கி எங்கே வந்து நிற்கிறது என்பதை நாம் நிதானமாக ஆராய்தல் நன்று.

விக்டர் குரூயன் வியன்னாவில் பிறந்த யூதக் கட்டடக்கலைஞர். 1938இல் நாசிகளுக்குத் தப்பி அமெரிக்கா சென்றவர். டெட்ராய்ட் நகரை ஒட்டிய சவுத்ஃபீல்டில் 1954இல் திறக்கப்பட்ட நார்த்லாண்ட் அங்காடி அவர் வகுத்தது. முற்றிலும் கூரையிட்டு, உள்ளே தட்பவெப்பத்தைச் சீராக வைத்திருந்த முதற் பேரங்காடி என அறியப்படும் சவுத்டேலையும், 1956இல் மின்னசோட்டாவின் ஈடைனாவில் அவரே அமைத்தார். தம் பிறந்த ஊரின் சதுக்கங்களைப் போல மக்கள் கூடவும் உலவவும் உரையாடவும் ஓரிடம் வேண்டும் என்பதே அவரது கனவு. ஆகவே சவுத்டேலின் நடுமுற்றத்தில் உயர்ந்த பறவைக்கூண்டு எழுந்தது. நார்த்லாண்டில் மார்ஷல் ஃபிரெடெரிக்ஸ் என்ற சிற்பியின் 'சிறுவனும் கரடியும்' இடம்பெற்றது. கல்லில் செதுக்கிய பெருங்கரடியின் முதுகில் பொன்னிறச் சிறுவன் ஒருவன் அமர்ந்திருப்பான். அதைக் கண்டு மகிழக் குழந்தைக்குக் காசு வேண்டியதில்லை. எனினும் அழகு கால்களை நிறுத்தும், நின்ற கால்கள் கடைக்குள் நுழையும் என்ற கணக்கை வணிக உலகம் விரைவிலேயே கற்றுக்கொண்டது.

அக்கணக்கின் முழு வடிவத்தை, சவுத்டேலுக்கு அண்மையிலேயே புளூமிங்டனில் 1992இல் திறக்கப்பட்ட 'மால் ஆஃப் அமெரிக்கா'வில் காணலாம். அங்கே நான்கு மூலைகளிலும் பெரும் விற்பனை நிலையங்கள் அமைந்தன. நடுவே ஏறத்தாழ 7 ஏக்கர் பரப்பில் இராட்டினங்களும் உருள்வண்டிகளும் நிறைந்த கேளிக்கைப் பூங்கா அமைந்தது. பூங்காவினுள் நடப்பதற்குக் கட்டணமில்லை. ஏறும் ஒவ்வோர் இராட்டினத்திற்கும் கட்டணமுண்டு. மெக்சிகோ நகரில் 1999இல் தொடங்கி, இன்று கிட்சானியா என்று அறியப்படும் சிறுவர் நகரம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. அங்கே பிள்ளைகள் விமானியாகவும் மருத்துவராகவும் நடித்து விளையாட்டுப் பணம் ஈட்டுகின்றனர். அதைச் செலவும் செய்கின்றனர். அவர்கள் 'வேலை' செய்யும் கூடங்களில் உண்மையான நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. கரடி கடைக்கு அழைத்தது. இங்கே கடையே விளையாட்டாகிவிட்டது.

நம் சென்னையும் கோவையும் இதற்கு விலக்கல்ல. விளையாட்டுக்கூடத்தையும் திரையரங்கையும் உணவகங்களையும் மேல்தளங்களில் வைப்பது பேரங்காடிகளின் பரவலான உத்தி. அங்கே ஏறிச்செல்லும் குடும்பம் ஒவ்வொரு தளத்தின் கண்ணாடிக் காட்சிகளையும் கடந்தாக வேண்டும். இறங்கும்போது மறுபடியும் கடக்க வேண்டும். பிள்ளை ஆடும் வரை பெற்றோர் காத்திருப்பர்; காத்திருப்போர் கடைகளைச் சுற்றுவர்; ஆடி முடித்த பிள்ளைக்குப் பசிக்கும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்ற நம் பழமொழியின் பொருளைத் தாய்மாரைவிட வணிகர் நன்கறிந்திருக்கின்றனர்!

இதற்காகப் பெற்றோரைக் குறைகூற நாம் முற்படவில்லை. சித்திரை வெயிலில் அடுக்ககத்து அறைகளுக்குள் அடைபட்ட பிள்ளைகளை அவர்கள் எங்கே அழைத்துச் செல்வர்? தெருவில் ஊர்திகள் விரைகின்றன. பூங்காக்கள் தொலைவில் இருக்கின்றன. இருப்பினும் நிழலின்றிக் கிடக்கின்றன. பேரங்காடியிலோ குளிர்ச்சி உண்டு, தூய்மையான கழிப்பறை உண்டு, முதியோர் அமர இருக்கை உண்டு. வாரம் முழுதும் உழைத்த தாய் ஒருமணி நேரம் அச்சமின்றி மூச்சுவிடுகிறாள். இந்த நன்மைகள் மெய்யானவை. மெய்யான தேவையைத் தொடுவதனாலேயே இந்தத் தூண்டில் இத்தனை வலிமை பெறுகிறது.

இங்கே நம்மை நோக்கியே ஒரு வினா எழக்கூடும். விளையாட்டைக் காட்டிப் பிள்ளைகளை ஈர்ப்பதைத் திருச்சபையும் செய்ததில்லையா? செய்தது. 1841இல் ஆதரவற்ற ஓர் இளைஞனோடு தம் பணியைத் தொடங்கிய புனித தொன் போஸ்கோ, 1846இல் தூரின் நகரின் வால்தொக்கோ பகுதியில் பினார்தியின் கொட்டகையைப் பெற்றபோது, செபத்திற்கும் மறைக்கல்விக்கும் பக்கத்திலேயே ஆடுகளத்தையும் வைத்தார். அவரது இல்லத்தில் கோவிலும் பள்ளியும் வீடும் விளையாட்டுத்திடலும் ஒன்றாயிருந்தன. ஆயினும் அவரிடம் முதல் வரவேற்பைப் பெற்றவன் சட்டைப்பையில் காசில்லாத சிறுவனே. பேரங்காடியிலோ அச்சிறுவன் கண்ணாடிக்கு வெளியே நின்று பிறர் ஆடுவதைப் பார்க்கிறான். ஈர்ப்பது தவறன்று. எதற்காக ஈர்க்கிறோம், ஈர்க்கப்பட்டவன் எதைப் பெற்றுத் திரும்புகிறான் என்பதே இரண்டையும் பிரித்துக்காட்டும் உரைகல்.

குரூயன் தம் இறுதி ஆண்டுகளில், தம் பெயரால் பெருகிய பேரங்காடிகளுக்கும் தமக்கும் உறவில்லை என்று வெளிப்படையாகவே மறுத்துரைத்தார். 1980இல் அவர் மறைந்தார். நார்த்லாண்ட் 2015இல் மூடப்பட்டது. கல்கரடியும் பொன்னிறச் சிறுவனும் மட்டும் அழியவில்லை. இன்று சவுத்ஃபீல்டின் பொதுநூலகத்தில் இடம்பெற்றிருக்கின்றனர். வணிகம் கைவிட்டதைப் பொதுமக்களின் இல்லம் ஏற்றுக்கொண்டது. இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு.

குழந்தைக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்கிறது 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு. இந்தியா 1992இல் அதை ஏற்றது. நெடுங்காலத்துக்கு முன்பே, மீட்புப் பெறும் எருசலேமின் அடையாளமாக, தெருக்களில் சிறுவரும் சிறுமியரும் நிறைந்து விளையாடும் காட்சியைச் செக்கரியா இறைவாக்கினர் தம் நூலின் 8ஆம் அதிகாரத்தில் வரைந்தார். அந்த உரிமையையும் அந்தக் காட்சியையும் நாம் அங்காடிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டோமா?

நம் பங்குகள் பலவற்றில் கோவிலை ஒட்டிப் பள்ளி மைதானம் இருக்கிறது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அதற்குப் பூட்டு விழுமானால், பேரங்காடியைப் பழிக்கும் தகுதி நமக்குக் குறைந்துபோகிறது. வேண்டியவை மிகச்சில: நான்கு நிழல்மரங்கள், ஒரு குடிநீர்க் குழாய், தூய்மையான கழிப்பறை, முறைவைத்துக் காவலிருக்கும் இரு பெரியவர்கள். எச்சமயத்துப் பிள்ளையானாலும் உள்ளே வரலாம் என்ற மனமும் வேண்டும். அவ்வாயிலின் சாவி ஞாயிறு மாலையில் யார் கையில் இருக்க வேண்டும் என்பதை அடுத்த பங்குப் பேரவைக் கூட்டமே தீர்மானிக்கட்டும்.