வானமும் தரையும் உள்ள பக்கம்

மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட பழைய சீன நூலில், படிக்கத் தொடங்குமுன் பார்க்க வேண்டியவை நிறைய உண்டு. சுற்றிலும் கறுப்புச் சட்டம். உள்ளே மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு நெடுவரி. வலக்கோடியில் தொடங்கி வரி வரியாக இடப்பக்கம் நகர வேண்டும். காகிதத்துக்கு முன்னால் மூங்கில் கீற்றுகளில் எழுதிக் கயிற்றால் கோத்து வைத்தார்கள். கீற்று போய்விட்டது, அதன் ஒடுக்கமான வடிவம் மட்டும் கோடுகளுக்கிடையே தங்கிவிட்டது. சட்டத்துக்கு மேலே விட்ட வெள்ளை இடத்துக்கு வானம் என்று பெயர், கீழே விட்டதற்குத் தரை. வானமே பெரும்பாலும் உயரமாக இருக்கும். அதன் பயனைப் பின்னால் சொல்கிறேன்.

தாளின் நட்டநடுவில் குறுகலாக ஒரு வரி. அதில் மீன்வால் போலப் பிளந்த ஒரு கறுப்பு அடையாளம். அச்சு தாளின் ஒரு முகத்தில் மட்டும்தான். மீன்வாலின் பிளவைக் குறியாக வைத்து மடித்தால் ஒரு தாள் இரண்டு பக்கமாகும். மிங் காலத்து நூல்கட்டில் இந்த மடிப்பே புத்தகத்தின் வெளி விளிம்பு. நூலின் பெயரும் தாள் எண்ணும் அங்கேதான் இருக்கும், விரல் புரட்டும் இடத்தில். அதற்கு முந்தைய சோங் காலத்து நூல்கள் பலவற்றில் அதே நடுவரியில் செதுக்கியவரின் பெயரும், அந்தத் தாளில் எத்தனை எழுத்து என்ற கணக்கும் காணலாம். கூலி எழுத்துக் கணக்கில் கொடுத்தார்கள். பெயர் தெரியாமல் போயிருக்க வேண்டிய ஒரு தொழிலாளியை எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் பக்கத்தின் நடுவில் சந்திக்க முடிகிறது.

இந்த ஒழுங்கு முழுவதும் சதுரத்தில் நிற்கிறது. ‘ஒன்று’ என்பதற்கான எழுத்து ஒற்றைக் கிடைக்கோடு. இருபது முப்பது கோடுகள் அடர்ந்த எழுத்துகளும் உண்டு. இரண்டுக்கும் ஒரே அளவு சதுரம்தான். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. அதனால் எந்தத் திசையில் வைத்தாலும் வரி குலையாது. நான்காம் நூற்றாண்டில் சூ ஹுய் என்ற பெண், பிரிந்துபோன கணவனுக்காகப் பட்டில் நெய்ததாக மரபு சொல்லும் கவிதை இதன் உச்சம். 29 வரிசை, வரிசைக்கு 29 எழுத்து. நேராக, தலைகீழாக, குறுக்காக, சுற்றிச் சுற்றி எப்படிப் படித்தாலும் பாட்டு வரும்; இருநூறுக்கும் மேற்பட்ட கவிதைகள் அதில் இருப்பதாகப் பழைய குறிப்பு கூறும். இதை வெறும் சொல்விளையாட்டு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. கண் போகும் வழியையே யாப்பாக்கிக்கொண்டவள் அவள்.

மூலமும் உரையும் சேர்ந்து வாழும் பக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மூலம் பெரிய எழுத்தில் இறங்கி வரும். விளக்கம் தேவைப்படும் இடத்தில் அதே நெடுவரி இரண்டு சிறு வரிகளாகப் பிரியும். வலச் சிறுவரியை அடிவரை படித்து, இடச் சிறுவரிக்கு ஏறி, அதையும் முடித்தால் மறுபடி பெரிய எழுத்து. உரை பக்கத்தின் அடியிலோ நூலின் கடைசியிலோ போய் ஒதுங்குவதில்லை. ஐயம் எழும் அந்த இடத்திலேயே, குரலைத் தாழ்த்திப் பேசுகிறது. கன்ஃபூஷியஸ் மரபின் நான்கு நூல்களுக்கு ஜூ ஷி எழுதிய உரை இப்படித்தான் அச்சேறியது. 1905இல் அரசுத் தேர்வு முறை ஒழியும்வரை, தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் சேர்த்தே மனப்பாடம் செய்தார்கள்.

இனி வானத்தின் பயன். படித்தவர்கள் தங்கள் கருத்தை எழுதும் இடம் அது. ‘சிவப்பு மாளிகைக் கனவு’ நாவலின் பழைய கையெழுத்துப் படிகளில் ஜீயன்ஜாய் என்ற புனைபெயர்க்காரரின் குறிப்புகள் சிவப்பு மையில் வானத்திலும் வரிகளுக்கு இடையிலும் நிறைந்து கிடக்கின்றன. 1927இல் அறிஞர் ஹூ ஷி விலைக்கு வாங்கிய படியில் பதினாறு அத்தியாயங்களே எஞ்சியிருந்தன. ஆனாலும் ஆசிரியரை நெருங்கி அறிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வியப்பதையும் கலங்குவதையும் அதில் கேட்க முடிகிறது. நிறுத்தக்குறிகள் இல்லாத நூல்களில் சிவப்பு வட்டம் இட்டு வாக்கியத்தைப் பிரிப்பதும் வாசகர் வேலையே. எங்கே நிறுத்துவது என்று தெரிவதுதான் அங்கே படிப்பு.

மரியாதைகூட இடத்தால் சொல்லப்பட்டது. சிங் ஆட்சியின் ஆவணங்களில் பேரரசரைக் குறிக்கும் சொல் வந்ததும் வரி அங்கேயே அறுந்து நிற்கும். அடுத்த வரியில், மற்ற வரிகளின் தலைமட்டத்துக்கு இரண்டு எழுத்து உயரத்தில் அந்தச் சொல் தொடங்கும். அவருடைய முன்னோருக்கு மூன்று எழுத்து உயரம். எழுதுபவர் தம்மைக் குறிக்கும் சொல்லைச் சிறிதாக்கி வலப்புறம் ஒதுக்குவதும் உண்டு. ஒரு சொல்லும் படிக்காமலே, யார் பெரியவர், யார் பணிந்தவர் என்று எட்ட நின்று சொல்லிவிடலாம்.

மொழிக்கு மொழி எழுத்து நகரும் திசை வேறுபடுவதை ஒரே கல்லில் பார்க்க வேண்டுமானால் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். இலங்கையின் காலி நகரில் 1911இல் கண்டெடுத்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும், சீனக் கடற்படைத் தலைவர் ஜெங் ஹேயின் கல்வெட்டு அங்கே இருக்கிறது. வலப்புறம் சீனம் மேலிருந்து இறங்குகிறது. இடப்புறம் மேலே தமிழ் இடமிருந்து வலமாகப் போகிறது. அதன் கீழே பாரசீகம் வலமிருந்து இடமாக வருகிறது. சீனம் புத்தரையும், தமிழ் தேனாவரை நாயனார் என்னும் தெய்வத்தையும், பாரசீகம் அல்லாவையும் போற்றுகின்றன.

இருபதாம் நூற்றாண்டில் வரி படுத்துக்கொண்டது. 1915இல் தொடங்கிய ‘அறிவியல்’ இதழ் கிடைவரியில் வந்தது. சமன்பாடுகளை அச்சிட வேறு வழி இல்லை, அது நியாயமே. நம் கண்கள் கிடைமட்டமாகத்தானே அமைந்திருக்கின்றன என்று மொழியறிஞர் சியன் ஷுவான்டோங் 1917இல் வாதிட்டார். 1955இன் முதல் நாளில் குவாங்மிங் நாளிதழும், அடுத்த ஆண்டின் முதல் நாளில் மக்கள் நாளிதழும் கிடைவரிக்கு மாறின. தைவானில் அரசுக் கடிதங்களே 2005இல்தான் மாறின. நாவல்கள் பலவும் அங்கே இன்னும் நெடுவரியில்தான்.

சொற்களுக்கிடையே வெளி விட்டால் சீனம் வேகமாகப் படிக்க வருமா என்று பை ஷுவேஜுனும் அவருடன் உழைத்தோரும் கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். சொல் பிரித்த வாசகம் பிரிக்காததைப் போலவே படிக்க எளிதாக இருந்தது, அவ்வளவுதான். ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னும் வெளி விட்டபோது வேகம் குறைந்தது. வாழ்நாள் முழுதும் இடைவெளி இல்லாமல் படித்துப் பழகிய கண் அது. சொல்லின் எல்லையைத் தானே கண்டுகொள்கிறது.

நிறுத்தக்குறி வந்த பிறகும் சதுரம் விட்டுக்கொடுக்கவில்லை. கால்புள்ளிக்கும் ஒரு முழுச் சதுரம் உண்டு. பெருநிலச் சீனாவின் கிடைவரியில் அது சதுரத்தின் இடக் கீழ்மூலையில் அமரும், நெடுவரியானால் வல மேல்மூலைக்குப் போகும். தைவானிலும் ஹாங்காங்கிலும் எந்த வரியானாலும் நட்டநடுவில் நிற்கும். ஒரு வரி கால்புள்ளியில் தொடங்கக் கூடாது என்பது விதி. ஆகவே நல்ல அச்சுக்கோப்பாளர் முந்தைய வரியில் குறிகளைச் சுற்றியுள்ள வெள்ளையைக் கொஞ்சம் இறுக்கி, அந்தப் புள்ளிக்கும் அங்கேயே இடம் பண்ணிக் கொடுப்பார். மூலைக் கால்புள்ளி முன் எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. நடுவில் நிற்பதோ இரு பக்கமும் சம வெளி விட்டு, இறங்கி வரும் கண்ணை அரைக்கணம் நிறுத்தி அனுப்புகிறது. நாவலுக்கு நான் கேட்பது இந்த நிறுத்தத்தைத்தான்.