சுருங்கச் சொல்லலும் குன்றக் கூறலும்: பட்டாசுத் தொழிலின் அறிக்கைக் கடிதங்கள்

நன்னூலார் நூற்கு அழகு பத்தனுள் சுருங்கச் சொல்லலையும், குற்றம் பத்தனுள் குன்றக் கூறலையும் முதற்கண் வைத்தார். முன்னது பொருள் குறையாமற் சொல் குறைதல். பின்னது சொல்லொடு பொருளுங் குறைதல். இவ்வேறுபாடு இலக்கண இலக்கிய நூல்களுக்கே உரியதெனக் கொண்டு அலுவலகக் கடிதங்களைப் புறத்தே நிறுத்துதல் பொருந்தாதென்பது எம் கருத்து.

விருதுநகர் மாவட்டத்தை நோக்குவாம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளிற் பட்டாசு ஆலைகள் மிகுதி. உயிரிழப்போ கடுங்காயமோ நேரும் வெடிவிபத்தை உடனே வெடிபொருள் தலைமைக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் அண்மைக் காவல் நிலையத்துக்கும் அறிவித்தல் வேண்டுமென 1884ஆம் ஆண்டு வெடிபொருட் சட்டத்தின் 8ஆம் பிரிவு பணிக்கின்றது. கடித வடிவிலமைந்த சிற்றறிக்கை, ஆதலின், இவண் இன்றியமையாததோர் உரைநடை வகையாகும்.

இவ்விபத்துக்களைக் குறித்து நாளிதழ்களில் வழங்கும் தொடர் யாவரும் அறிந்ததே: மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு வெடிவிபத்து நிகழ்ந்தது என்பது. இத்தொடர் அறிக்கைக் கடிதத்துட் புகுமாயின் விளைவு யாது? கலந்தவர் யார், எம்மருந்து, எவ்வளவு, அறையில் எத்துணைப்பேர் என்னும் வினாக்களுள் ஒன்றற்கும் விடையில்லை. உராய்வே எழுவாயாக நின்றுவிடுகின்றது. அதனைச் செய்தாரும் செய்வித்தாரும் தொடரினின்று நீங்கிவிடுகின்றனர். அலுமினியப் பொடி சேர்ந்த மருந்தாயின் ஈரம் பட்டு வெப்பம் மிகுதலும் தீக்கு ஏதுவாகலாம். அந்நிலையில் 'உராய்வு' விடையன்று. வினாவை மூடும் மூடி. முதற்கடிதம் எழுதும்போது காரணம் தெரிந்திராது என்பார் கூற்றில் உண்மை உண்டு. எனின், 'காரணம் இன்னும் அறியப்படவில்லை' என்று எழுதுக. அதுவும் மூன்றே சொல்.

நம் முன்னோர் கடித வடிவில் நுட்பச் செய்தி எழுத அறியாதவரல்லர். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை முதலாம் இராசராசன் அளித்ததைக் கூறும் லெய்டன் பெரிய செப்பேட்டை ஊன்றிப் பார்க்க. ஆணை பிறந்த ஆட்சியாண்டு 21. நிலம் 97 வேலிக்கும் மேல், மா, காணி என்னும் சிறுகூறு வரையில் அளந்து சொல்லப்பட்டது. பிடியானையை நடத்தி எல்லை வகுத்தமையும், பொறுப்பேற்ற அலுவலர் பெயர்களும் அதன்கண் உள. மெய்க்கீர்த்தியை விலக்கி நோக்கின், நெடியதாயினும் மிகைபடக் கூறலன்று. எல்லைத் தொடர்களிலிருந்து ஒரு சொல்லை எடுத்தாலும் நிலத்தில் ஒரு துண்டு வழக்கிற்கு உள்ளாகும்.

இனிச் சொல்லாட்சி. ஆலையில் உள்ளார் 'மருந்து' என்பர். 'மருந்து செலுத்துதல்' என்பர். மேற்பார்ப்பவரைப் 'போர்மேன்' என்பர். 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் பிறந்தபின் பெருகிய அலுவலகத் தமிழோ இவற்றை ஒதுக்கி, 'வேதியியற் கலவைப் பொருள்' எனத் தொடர்வதையே மேம்பாடெனக் கருதுகின்றது. ஈரெழுத்துத் திரி 'பற்றவைப்பு இழை' ஆகுமேல் அதனைச் சுற்றியவரே அதனை அறியார். தனித்தமிழ் ஆர்வத்தை யாம் இகழ்வேமல்லேம். 'மருந்து' தமிழன்றி வேறென்ன?

கடிதத்தின் வைப்புமுறையும் ஆராயத்தக்கது. விளித்தல், பொருள், பார்வை, உரிம எண் என வரிசைப்பட்டு, நிகழ்ச்சி ஆறாம் வரியில் தோன்றுதல் அலுவலக வழக்கு. 5-9-2012இல் முதலிப்பட்டியில் நிகழ்ந்த விபத்தில் முப்பதின்மருக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள் ஆலைத் தொழிலாளரேயன்றி, முதல் வெடிப்புக் கேட்டு உதவவும் காணவும் வந்தவரும் பலர். பின்னும் வெடித்தமையே அவர்தம் சாவுக்குக் காரணம். ஆகலின் தீயணைப்பார்க்கும் காவல் நிலையத்தார்க்கும் செல்லும் கடிதத்தில் முதல் வரி, 'குடோனில் இன்னும் வெடிக்காத சரக்கு இவ்வளவு. இன்ன அறைகளை அணுகற்க' என்றிருத்தல் வேண்டும். உரிம எண் அதன்பின் வரலாம்.