வால்ப்ரோயேட்டும் ஆண் விலங்கின் இனப்பெருக்க நலமும்: ஒரு சோதனைமுறையின் நிறைகுறைகள்

வலிப்பு நோய்க்கான மருந்துகளைப் பலரும் ஆண்டுக்கணக்கில் உட்கொள்ள நேர்வதால், அவை ஆணின் இனப்பெருக்க ஆற்றலை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை முன்கூட்டியே அறிவது இன்றியமையாதது. மனிதருக்கு மருந்தளவைக் கூட்டிக்கொண்டே போய் விந்தகத் திசுவை அறுத்துப் பார்ப்பது அறத்துக்கு ஒவ்வாதாகையால், அப்பொறுப்பு ஆய்வக எலிகள்மீதும் நாய்கள்மீதும் விழுந்தது. 1967இல் பிரான்சில் விற்பனைக்கு வந்த வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட், இச்சோதனைமுறையின் வலிமையையும் குறையையும் ஒருங்கே காட்டும் மருந்தாகும்.

திசுவை நேரடியாகக் காட்டுவதே இம்முறையின் முதன்மையான வலிமை. நீண்ட நாள் மருந்து கொடுத்த ஆய்வுகளில், கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராமும் அதற்கு மேலும் பெற்ற எலிகளிடமும், 150 மில்லிகிராமும் அதற்கு மேலும் பெற்ற நாய்களிடமும் விந்தணு ஆக்கம் குறைந்ததும் விந்தகம் சுருங்கியதும் பதிவாயின. உடலமைப்பில் வேறுபட்ட இரு விலங்குகளிடம் ஒரே சிதைவு தோன்றியதால், அதை ஓரினத்தின் தனித்தன்மை என்று ஒதுக்கிவிட முடியாது. மேலும், இவ்விலங்குகளுக்கு வலிப்பு இல்லை. வலிப்பு நோயே ஹைப்போதலாமஸ் வழியாகப் பாலின ஹார்மோன்களைக் குலைக்கக்கூடும் என்பதால், நோயின் விளைவிலிருந்து மருந்தின் விளைவைப் பிரித்தறிய இது துணைசெய்கிறது.

ஆயினும், அதே மருந்தை கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 350 மில்லிகிராம் வரை 60 நாள் கொடுத்து, பின் இணைசேர விட்ட எலிகளின் கருவுறுதிறனில் குறையேதும் காணப்படவில்லை. எலியின் விந்தணு ஆக்கச் சுற்று ஏறத்தாழ 52 நாள் என்பதால் சோதனைக் காலம் குறைவு என்று சொல்ல இயலாது. குறை அளவுகோலில் உள்ளது. எலி தன் தேவைக்கு மிகுதியாக விந்தணுக்களை உருவாக்குவதால், அவற்றின் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்காகச் சரிந்தாலும் குட்டிகள் பிறக்கக்கூடும். அத்தகைய உபரி இல்லாத மனித ஆணிடம் சிறிய சரிவும் குழந்தைப்பேற்றைத் தடுக்கலாம் என்பதால், குட்டி ஈன்றதை மட்டும் கொண்டு மருந்து தீங்கற்றது என முடிவுகட்டுவது பிழையாகும்.

மருந்தளவை ஒப்பிடுவதிலும் எச்சரிக்கை தேவை. எலிக்குக் கிலோ எடைக்கு நாளொன்றுக்குத் தந்த 400 மில்லிகிராம், மனிதருக்கு அதே கணக்கில் உச்ச அளவாகிய 60 மில்லிகிராமைவிடப் பன்மடங்கு போலத் தோன்றினாலும், உடற்பரப்பின் அடிப்படையில் கணக்கிட்டால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. இரத்தத்தில் வால்ப்ரோயேட்டின் அளவு பாதியாகக் குறைய மனிதரிடம் 9 முதல் 16 மணி நேரம் ஆகும். எலியிடமோ சில மணி நேரமே போதும். ஆகவே, கொடுத்த அளவைவிட இரத்தத்தில் நிலவிய அளவே ஒப்பீட்டுக்கு உகந்தது.

சில விளைவுகளை எலியால் காட்டவே இயலாது. கார்பமாசெபைன், ஃபெனிடாயின் ஆகிய வலிப்பு மருந்துகள் மனிதக் கல்லீரலைத் தூண்டி, டெஸ்டோஸ்டிரோனைப் பற்றிக்கொள்ளும் பாலின ஹார்மோன் பிணைப்புப் புரதத்தை மிகுவிப்பதால், உடல் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது. வளர்ந்த எலியின் இரத்தத்தில் இப்புரதம் சுற்றுவதில்லை என்பதால், இப்பாதிப்பு அச்சோதனையில் தென்படாது.

அடுத்த தலைமுறையைப் பற்றிய கேள்வியும் எழுந்துள்ளது. கருத்தரிப்புக்கு முந்தைய மூன்று மாதங்களில் வால்ப்ரோயேட் உட்கொண்ட தந்தையரின் குழந்தைகளிடம் நரம்பு வளர்ச்சிக் குறைபாடு நூற்றுக்கு ஏறத்தாழ 5 என்றும், லாமோட்ரிஜின் அல்லது லெவெட்டிராசெட்டம் என்னும் வேறு வலிப்பு மருந்தை உட்கொண்டோரின் குழந்தைகளிடம் ஏறத்தாழ 3 என்றும் நார்டிக் நாட்டுப் பதிவேடுகள் காட்டியதையடுத்து, 2024இல் ஐரோப்பிய மருந்து முகமை முன்னெச்சரிக்கை விடுத்தது. இந்த ஆய்வின் வரம்புகள் காரணமாக அதை உறுதியான முடிவாகக் கொள்ள முடியாவிடினும், குட்டிகளை எண்ணுவதோடு நிற்கும் சோதனை அவற்றின் நடத்தையைக் கவனிப்பதில்லை என்பது இதனால் புலனாகிறது.

எனவே, இம்முறையைக் கைவிடுவதற்குக் காரணமில்லை. திருத்துவதற்குக் காரணம் உண்டு. விந்தகத் திசுவும் விந்தணு எண்ணிக்கையும் தரும் சான்றை முதலிடத்திலும், கருவுறுதிறனை அதற்கு அடுத்தும் வைத்து, இரத்த மருந்தளவையும், மருந்தை நிறுத்தியபின் விந்தகம் மீள்கிறதா என்பதையும், குட்டிகளின் வளர்ச்சியையும், வலிப்புள்ள விலங்குகளின் நிலையையும் சேர்த்து அளந்தால்தான் விலங்குச் சோதனை தன் பணியை முழுமையாகச் செய்ததாகும்.