உள்ளடக்க மேலாண்மை அமைப்புகளும் தருமபுரி நடுகல் தரவுகளும்: ஒரு மதிப்பீடு

இணையதள உள்ளடக்க மேலாண்மை அமைப்புகளைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் எளிமையையே போற்றுகின்றனர். நிரல் அறியாதவரும் பக்கம் எழுதலாம், படம் சேர்க்கலாம் என்பது உண்மையே. ஆயினும் ஆய்வாளருக்கு உதவும் கூறு அதுவன்று. ஒரு தரவைத் தனித்தனிப் புலங்களாகப் பிரித்து வைக்கும் வசதியே ஆகும். தருமபுரிப் பகுதி நடுகற்கள் இதற்குத் தக்க சான்று.

தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆகவே ஊத்தங்கரை வட்டத்து நடுகல் ஒன்று, அதைக் குறிக்கும் நூல் வெளிவந்த ஆண்டிற்கேற்ப, இம்மூன்று மாவட்டப் பெயர்களுள் ஒன்றைப் பெறும். வெறும் பக்கங்களாக எழுதப்பட்ட தளத்தில் ஒரே கல் மூன்று கற்களாகத் தோன்றவும் கூடும். வேர்ட்பிரஸ், துருபல் போன்றவற்றில் ஊர், வட்டம், பழைய மாவட்டம், இன்றைய மாவட்டம், அரசன், ஆட்சியாண்டு, எழுத்து வடிவம் எனப் புலங்கள் அமைத்துவிட்டால் இக்குழப்பம் நேராது.

திருத்த வரலாறு மற்றொரு பயன். வட்டெழுத்துப் பாடம் ஒன்று பின்னாளில் வேறாக வாசிக்கப்பட்டால், முந்தைய வாசிப்பை மேற்கோள் காட்டியவருக்கு அது கிடைத்தாக வேண்டும். இங்கு ஒரு குறையைச் சுட்டுதல் தகும். வேர்ட்பிரஸ் இயல்பாகக் காப்பது தலைப்பு, உடற்பகுதி முதலியவற்றின் திருத்தங்களையே. தனிப்புலங்களின் திருத்தங்களை அன்று. 2023இல் வெளிவந்த 6.4 பதிப்பு அதற்கு வழி தந்தது; அதனையும் தளத்தை அமைப்பவர் தாமே இயக்க வேண்டும். பாடத்தைப் புலத்தில் இட்டுவிட்டு வரலாறு காக்கப்படுகிறது என நம்புவோர் ஏமாறுவர். ஈழத்தமிழ் ஆவணங்களைத் திரட்டும் நூலகம் தளம் மீடியாவிக்கியில் இயங்குவதால், அங்குப் பக்கத்தின் ஒவ்வொரு மாற்றமும் தானாகவே பதிவாகிறது.

தருமபுரி மாவட்ட நிருவாகத்தின் தளம் தேசியத் தகவலியல் மையத்தின் எஸ்3வாஸ் அமைப்பைச் சார்ந்தது. இருமொழிப் பக்கங்களும் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதியும் அதன் சிறப்புகள். நிருவாகச் செய்திக்கென அமைந்த தளத்தில் கல்வெட்டுத் தரவை எதிர்பார்ப்பது முறையன்று.

தேடல் வசதியே இவ்வமைப்புகளின் நலிந்த பகுதி. வேர்ட்பிரஸின் இயல்பான தேடல் எழுத்துத் தொடரை அப்படியே ஒப்பிடுகிறது. ‘நடுகல்’ எனத் தேடினால் ‘நடுகல்லில்’ கிடைக்கும்; லகரம் றகரமாகத் திரிந்த ‘நடுகற்கள்’ கிடைக்காது. தருமபுரி, தர்மபுரி, தகடூர் என்பவையும் அதற்கு மூன்று வேறு சொற்களே. இயல்பான தேடல் தனிப்புலங்களைத் தேடாது என்பதால், புணர்ச்சி வடிவங்களையும் மாற்றுப் பெயர்களையும் பதிவுதோறும் உடற்பகுதியிலேயே சேர்ப்பது இப்போதைக்கு இயலும் ஒரு தீர்வு.