டூரிஸ்ட் ஃபேமிலி: கரையில் இல்லாத வக்கீல்

2025 மே 1-ல் வெளிவந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யை எல்லோரும் பார்த்து, சிரித்து, அழுது முடித்தாகிவிட்டது. எனக்கும் படம் பிடித்திருந்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈழத் தமிழர் என்றாலே குண்டு, ரத்தம், ஒப்பாரி என்று பழகிப்போன நம் சினிமாவில், ஒரு குடும்பத்தைச் சும்மா குடும்பமாகக் காட்டியிருக்கிறார் இயக்குநர் அபிஷன் ஜீவிந்த். சசிகுமாரும் சிம்ரனும் அந்தத் தெருவில் நிஜமாகவே குடியேறிவிட்டதைப் போல இருக்கிறார்கள். முகம் கொடுத்துப் பேசாத தெருவை ஒரு சாவு வீடு ஒன்றாக்கும் இடம் படத்தின் உச்சம்.

ஆனால் எனக்கு உறுத்துவது படத்தின் ஆரம்பக் காட்சிதான். பொருளாதார நெருக்கடிக்குத் தப்பி, படகில் ராமேஸ்வரம் வந்து இறங்குகிறார்கள். போலீஸ் பிடிக்கிறது. பிடித்தவர் மனம் இளகி விட்டுவிடுகிறார். தியேட்டரில் நாமும் மூச்சு விடுகிறோம். அதற்குப் பிறகு வருவதெல்லாம் அந்த ஒரு மனிதர் போட்ட பிச்சை. அன்றைக்கு டூட்டியில் வேறொருவர் இருந்திருந்தால்? படம் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. கடைசியில் போலீஸ் தேடி வரும்போதும் பதில் அதேதான். தெருவே ஈழத் தமிழ் பேசி அவர்களை மறைத்துக்கொள்கிறது. நல்ல காட்சி, கை தட்டலாம். ஆனால் இரண்டு இடத்திலும் அவர்களைக் காப்பாற்றுவது இரக்கம் மட்டுமே. ‘இவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?’ என்று சொல்ல ஒரு ஆள்கூட படத்தில் இல்லை.

‘ஃபீல் குட் படத்துல போய் சட்டம் பேசறியே’ன்னு நண்பர் ஒருத்தர் கேட்டார். கோர்ட் சீன் வை என்று நான் கேட்கவில்லை. அந்தக் குடும்பத்தின் பயத்துக்குக் காரணமே சட்டம்தான். பயத்தை மட்டும் வைத்துக்கொண்டு காரணத்தை மறைத்தால், பார்ப்பவருக்குப் போய்ச் சேர்வது ‘நல்லவங்க நாலு பேர் இருந்தா போதும்’ என்ற எண்ணம்தான்.

நிஜத்தில் போதாது. 2022 மார்ச்சிலிருந்து தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் இப்படிப் பலர் வந்தார்கள். சிலரைப் படகுக்காரர்கள் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். குழந்தைகளோடு அங்கே கிடந்தவர்களைக் கடலோரக் காவல்படைதான் மீட்டது. பிறகு விசாரணை, பிறகு மண்டபம் முகாம். 1951-ம் வருட அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்தவர் சட்டத்தின் கண்ணுக்கு வெறும் ‘வெளிநாட்டவர்’.

அதற்காக, கையில் எதுவுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1987-ம் வருட சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். பெண், குழந்தை, காவலில் இருப்பவர், இன வன்முறையில் பாதிக்கப்பட்டவர் எல்லோருக்கும் இலவச வக்கீல் உண்டு. அந்தப் பிரிவு பேசுவது ‘நபர்’ பற்றி, ‘குடிமகன்’ பற்றி அல்ல. அந்தப் படகில் வந்த சிம்ரனுக்கும் பையன்களுக்கும் இறங்கிய நிமிடமே அந்தத் தகுதி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையங்களில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். கிரேக்கத்தின் லெஸ்வோஸ் தீவில் ஐரோப்பிய வக்கீல்கள் 2016-லிருந்து, படகில் வந்தவர்களுக்குக் காசு வாங்காமல் ஆலோசனை சொல்லி வருகிறார்கள். விசாரணைக்குப் போகும் முன் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, ‘இதைக் கேட்பார்கள், இதுக்கு இதுதான் அர்த்தம்’ என்று சொல்வதுதான் வேலை. அவ்வளவு சின்ன விஷயம்.

நம்மிடமும் இதற்கு முன்மாதிரி உண்டு. வக்கீலான சந்திரகாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாமில் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைந்தது. 1992-ல் அகதிகளைக் கட்டாயமாகத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று பழ. நெடுமாறனும் மருத்துவர் ராமதாசும் உயர் நீதிமன்றப் படியேறினார்கள். இதெல்லாம் சினிமாவுக்கு ஏற்ற வேலை இல்லை என்று நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நான் இருப்பது வேடந்தாங்கல் பக்கம். ‘பறவைக்கு ஏது எல்லை’ என்று எங்கள் ஊர்ப் பறவைகளை உவமையாக இழுக்காத அகதிக் கவிதை குறைவு. ஆனால் அந்தப் பறவைகள் வெறும் அன்பால் பிழைக்கவில்லை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது ஊருக்குத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் 1798 வாக்கில் எழுத்தில் ஒரு கவுல் வாங்கினார்கள் என்பது வரலாறு. 1858-ல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். இரக்கம் இருந்தது, கூடவே ஒரு காகிதமும் இருந்தது. கலெக்டர் மாறினாலும் காட்டுவதற்கு ஒன்று.

இதே வேடந்தாங்கலிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டரில் செங்கல்பட்டு சிறப்பு முகாம் இருந்தது. கிளைச்சிறைக் கட்டடத்துக்குள் ‘முகாம்’. ஜாமீன் கிடைத்த ஈழத் தமிழர்களையும் 1946-ம் வருட வெளிநாட்டவர் சட்டத்தின்கீழ் ஓர் அரசாணையால் அங்கே அடைத்தார்கள். எப்போது வெளியே விடுவார்கள் என்று கேட்டுக் கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். நமக்கு அவர்கள் மேல் இரக்கம் இல்லாமலா இருந்தது? இருந்தது. அது அந்தப் பூட்டைத் திறக்கவில்லை.

படம் வந்து பதினெட்டாவது நாள், மே 19-ல், தண்டனை முடிந்தும் முகாமில் கிடந்த ஓர் இலங்கைத் தமிழரின் மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. உலகத்து அகதிகளை எல்லாம் தங்கவைக்க இந்தியா ஒன்றும் சத்திரம் இல்லை என்ற கருத்தையும் நீதிபதிகள் சொன்னார்கள். பிறகு செப்டம்பரில் மத்திய உள்துறையின் ஆணை வந்தது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மேல், கடவுச்சீட்டு, விசா இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை இருக்காது. பெரிய நிம்மதிதான். ஆனால் தேதியைக் கவனியுங்கள். பொருளாதார நெருக்கடியில் படகேறிய சசிகுமாரின் குடும்பம் அதற்குள் வராது.

ஒரு தெருவே அவர்களுக்காகப் பொய் சொல்வதோடு படம் முடிகிறது. அந்தத் தெருவில் யாராவது ஒருவர் மறுநாள் காலையில் மாவட்ட கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்ட உதவி மையத்துக்குப் போயிருந்தால், அது இரண்டாம் பாகம். அதை யாராவது எடுத்தால் முதல் நாள் முதல் காட்சிக்கு நான் டிக்கெட் வாங்குவேன்.