துளையை அடைத்தவர்களின் துணிவு

ஒரு வாதத்தில் எந்தச் சொற்கள் வழங்குகின்றன என்பதை ஊன்றி நோக்கினால், அவ்வாதத்தில் பேசுவோர் யார், பேச இடம் பெறாதோர் யார் என்பது புலனாகும். கவிதையையும் நாவலையும் இவ்வாறு படிக்கப் பழகிய நாம், வணிக நிறுவனங்களின் அறிக்கைகளையும் விளம்பரங்களையும் இக்கண் கொண்டு படிக்கத் தவறிவிடுகின்றோம். இன்று மக்கள் அன்றாடம் கேட்கும் உரைநடையில் பெரும்பகுதியை எழுதுபவர்கள் எழுத்தாளர்கள் அல்லர், விளம்பரக்காரர்களே. ஆகவே அவர்களது உரைநடையும் விமர்சனத்துக்கு உரியதே.

2016 செப்டெம்பர் 7 ஆந் திகதி, சான் பிரான்சிஸ்கோ நகரில் அப்பிள் நிறுவனம் தனது ஐபோன் 7 என்னும் கைத்தொலைபேசியை அறிமுகப்படுத்தியது. அதில் காதொலிக் கருவியின் கம்பியைச் செருகும் துளை இல்லை. ஏன் என்பதற்கு விடையாக அந்நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் தலைவர் பில் ஷில்லர் ஆண்ட சொல் ‘துணிவு’ என்பதாகும். அன்றைய மேடையிலேயே கம்பியற்ற காதொலிக் கருவி ஒன்றும் அறிமுகம் பெற்றது. விலை 159 டொலர். அக்காலத்து மாற்று விகிதத்தில் ஏறத்தாழ இருபத்துமூவாயிரம் ரூபா.

துணிவு என்னும் சொல்லைத் தமிழ் மாணவன் இலேசாகக் கடந்து போக முடியாது. படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில் வீரத்தைப் பாடும் வள்ளுவரே, இடருற்ற பகைவனுக்கும் கைகொடுப்பதுதான் அவ்வீரத்தின் கூர்மை என்று கொள்கிறார். தனக்கு வரும் இழப்பை ஏற்பதே துணிவு. மற்றவனுக்கு இழப்பை விதித்துத் தான் ஆதாயம் பெறுவதற்குத் தமிழில் வேறு பெயர்கள் உண்டு.

எதிர்ப்பு எழாமலில்லை. அந்தத் தொலைபேசி வெளிவருவதற்கு எட்டு மாதங்களுக்கு முன்னரே, செய்தி கசிந்தபொழுது, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டன மனுவிற் பெயர் பதித்தனர். போட்டி நிறுவனங்களும் அப்பிளை எள்ளி நகையாடின. 2016 ஒக்டோபரில் தன் பிக்சல் தொலைபேசியில் துளை உண்டு என்று பெருமை பேசிய கூகுள், மறு ஆண்டு ஒக்டோபரில் வெளியிட்ட பிக்சல் 2 இல் அதனை நீக்கியது. ஏளன விளம்பரம் வெளியிட்ட சம்சுங், 2019 ஓகஸ்டில் நோட் 10 இலிருந்து அதனை அகற்றியது. முதலாளிகளுக்கிடையிலான போட்டி நுகர்வோனைக் காக்கும் என்று பொருளியல் வகுப்பிற் கற்பிக்கப்படும் பாடத்துக்கு இதைவிடச் சிறந்த உரைகல் வேண்டியதில்லை. ஒருவன் அடைத்த துளையால் வருமானம் பெருகுவதைக் கண்டதும் மற்றவர்களும் அடைத்துவிட்டார்கள்.

நீக்கத்துக்குக் கூறப்பட்ட காரணங்களையும் நேர்மையாக எடைபோடுதல் வேண்டும். துளை உள்ளிடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்றனர், அது உண்மையே. மின்கலத்துக்கும் வேறு உறுப்புகளுக்கும் அவ்விடம் பயன்படலாம். நீர் புகாமற் காப்பதற்கும் அது தடை என்று சிலர் வாதித்தனர். ஆனால் 2016 மார்ச்சில் விற்பனைக்கு வந்த சம்சுங் எஸ் 7, நீர்காப்புத் தரத்தில் ஐபோன் 7 ஐ விட ஒரு படி உயர்ந்தது, துளையும் உடையது. துளையைக் கைவிட்ட சோனி நிறுவனம் 2020 இல் தனது உயர்விலைத் தொலைபேசியில் அதனை மீண்டும் வைத்தது. பொறியியலின் தவிர்க்கவியலாத விதி என்று சொல்லப்பட்டது, வணிகத்தின் தேர்வே என்பதற்கு இவையிரண்டுமே போதும்.

அத்துளையின் வரலாறு சிறிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொலைபேசி நிலையங்களிற் பணிசெய்த பெண்கள் இணைப்புகளை மாற்றுவதற்குச் செருகிய முளையே அதன் மூதாதை. அதன் சிறு வடிவமான 3.5 மில்லிமீற்றர் முளை டிரான்சிஸ்டர் வானொலிகளோடு பரவி, 1979 இல் வந்த சோனி வோக்மனோடு உலகெங்கும் நிலைபெற்றது. எவன் செய்த கருவியையும் எவன் செய்த வானொலியிலும் செருகலாம். எவருக்கும் உரிமைக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. ஊர்க்குளத்து நீரைப் போல அது பொதுவாயிருந்தது. அவ்விடத்தில் அப்பிள் முன்வைத்த செருகியோ அதன் தனியுடைமை; அதற்கேற்ற துணைக் கருவி செய்ய விரும்பும் உற்பத்தியாளன் அனுமதி பெற்றுக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. பொதுநிலத்துக்கு வேலி போட்டு, உள்ளே வருவதற்கு வரி கேட்ட கதைதான் இது. முதலில் இணைப்புக் கம்பியைப் பெட்டிக்குள் இலவசமாக வைத்தார்கள்; 2018 இல் அதனை நிறுத்தி 9 டொலருக்கு விற்றார்கள்; 2020 இல் காதொலிக் கருவியும் மின்னேற்றியும் பெட்டியிலிருந்து மறைந்தன. பின்னைய நீக்கத்துக்குச் சூழல் பாதுகாப்புக் காரணமாயிற்று!

இப்பொழுது இந்த வாதத்தை அக்கராயனுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். மேலைநாட்டு நுகர்வோர் பெரும்பாலும் இசையின் தரத்தையும் வசதியையும் பற்றியே வாதிட்டனர். எமது மக்களுக்கு இது வேறொரு வினா. கிளிநொச்சிச் சந்தையில் ‘ஹான்ட்ஸ் ஃப்ரீ’ என்று கேட்டால், சில நூறு ரூபாவுக்குக் கம்பிக் கருவி கிடைக்கும். 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, ஒரே தொலைபேசியைச் சுற்றி மூன்று பிள்ளைகள் அமர்ந்த வீடுகள் இங்கு பல. ஒற்றை அறை வீட்டில் ஒரு பிள்ளை பாடம் கேட்கையில் மற்றப் பிள்ளை படிக்கவும், வயலால் வந்த தகப்பன் உறங்கவும் இடந்தந்தது அந்த மலிந்த கம்பியே. போரிற் பார்வையிழந்தோர் திரையை வாசித்துக் காட்டும் குரலைப் பிறர் கேளாமற் கேட்பதற்கும் அதுவே துணை.

கம்பிக் கருவிக்கு மின்னேற்றம் வேண்டியதில்லை என்பதையும் கருதுக. 2022 மார்ச் இறுதியில் நாடு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை இருளில் கிடந்தது. தொலைபேசிக்கே மின்னேற்ற வழியற்ற வேளையில், காதுக்கும் தனியாக மின்னேற்றவேண்டிய கருவி யாருக்கு வசதி?

இதனினும் பெரிய இழப்பொன்று உண்டு. விலை குறைந்த தொலைபேசிகள் பலவற்றிற் பண்பலை வானொலி உண்டு. அதற்குக் காதொலிக் கம்பியே அலைவாங்கி. துளை போனால் அலைவாங்கியும் போகும், வானொலியும் ஊமையாகும். இணையத்தின் வழியாகக் கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம், காசு கொடுத்து. கோபுரம் இயங்கும் வரை. தொண்ணூறுகளிற் பொருளாதாரத் தடையின் கீழ் மின்கலங்கள் வன்னிக்கு வராது தடுக்கப்பட்டபொழுது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் நாம். பிபிசி தமிழோசைக்காகப் பெடலை மிதித்த தலைமுறைக்கு, செய்தி கேட்பதென்பது பொழுதுபோக்கன்று, உயிர்ப்பிழைப்பின் ஒரு பகுதி. 2018 டிசெம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மிதந்தன. அத்தகைய இரவில், கட்டணமின்றி ஒலிக்கும் வானொலி சட்டைப்பையில் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒன்றல்ல. அயலிலுள்ள இந்தியாவின் மின்னணுவியல், தகவல் தொழினுட்ப அமைச்சு 2023 இல், தொலைபேசிகளிற் பண்பலை வானொலியை முடக்காதிருக்குமாறு உற்பத்தியாளருக்கு ஆலோசனை வழங்கியது. பேரிடர் கால அறிவிப்பும் எளிய மக்களின் தேவையும் அதற்குக் காரணங்களாயின.

மலிந்த தொலைபேசிகளில் இன்னும் துளை இருக்கிறதே, ஏழைக்கு என்ன குறை என்று வினவலாம். சம்சுங்கின் ஏ 15 இல் இருந்த துளை 2024 இல் வந்த ஏ 16 இல் இல்லை. வேலி மெல்ல மெல்லக் கீழ்நோக்கி வருகின்றது.

‘மக்கள் வாங்கினார்கள், ஆகவே ஏற்றுக்கொண்டார்கள்’ என்பதே நிறுவனங்களின் இறுதி வாதம். சங்கக்கடையில் மாவு மட்டும் இருக்கும்போது மாவு வாங்கியவனை, அரிசியை வெறுத்தவன் என்று சொல்வது எவ்வளவு பொருந்துமோ அவ்வளவே இதுவும் பொருந்தும். தனித்தனி நுகர்வோனாய் நின்று வாங்குவதும் மறுப்பதும் மட்டுமே போராட்டம் என்று நம்பியமையே அந்த இலட்சக்கணக்கானோரின் மனு தோற்றதற்குக் காரணம் என்பேன்.

இவ்வாறு பொருளின் ஆயுளையும் பொதுமையையும் வெட்டுவது புதிய தந்திரமன்று. 1924 இல் ஜெனீவாவிற் பீபஸ் என்னும் பெயரிற் கூட்டமைத்த மின்விளக்கு உற்பத்தியாளர், விளக்கின் ஆயுளை 1,000 மணி நேரமாகக் குறைத்து, அதனைக் கடந்து எரியும் விளக்குகளைச் செய்த உறுப்பினருக்குத் தண்டமும் விதித்தனர். கம்பியற்ற செவிக் கருவிகளிற் பெரும்பாலானவற்றின் சிறு மின்கலம் சில ஆண்டுகளிற் சோர்ந்துவிடுகிறது, மாற்ற வழியில்லை, முழுக் கருவியும் குப்பை. அந்த மின்கலங்களுக்கு வேண்டிய கோபால்ட்டின் பெரும்பகுதி கொங்கோவின் மண்ணிலிருந்து வருகிறது. அங்கே சிறுவர்கள் சுரங்கத்தில் உழைப்பதை சர்வதேச மன்னிப்புச் சபை, அதே 2016 ஆம் ஆண்டு ஜனவரியில் உலகுக்கு எடுத்துக்காட்டியது.

இதனைக் கூறுவதால் நாம் இயந்திரத்தின் பகைவரல்லர். கம்பியற்ற கருவி பலருக்கு உண்மையிலேயே பயன் தருவது. அது மேலதிகமாக வரட்டும். இருந்ததைப் பறித்துக்கொண்டு வரவேண்டியதில்லை என்பதே எமது வாதம். 2024 டிசெம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் தொலைபேசிகள் யாவும் ஒரே வகை மின்னேற்றத் துளையைக் கொண்டிருத்தல் வேண்டும் என்று சட்டம் ஆணையிட்டது. அப்பிளும் பணிந்தது. மனுக்களாற் பணியாத துணிவு சட்டத்தின் முன் பணிந்தமை கவனிக்கத்தக்கது.

எமது நாட்டிலும் இறக்குமதியாகும் தொலைபேசிகளுக்கு அனுமதி வழங்கத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு உண்டு. 2003 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையும் உண்டு. விலை குறைந்த தொலைபேசிகளிலாவது கம்பித் துளையும் பண்பலை வானொலியும் இருத்தல் வேண்டும் என்று ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் விவசாய சம்மேளனங்களும் ஒன்றுசேர்ந்து இவற்றிடம் கேட்கலாம். கேட்க வேண்டும். சிறிய துளைதான், ஆனால் பொதுவில் இருந்ததொன்றைத் தனியுடைமையாக்குவோர் எப்பொழுதும் சிறியதிலிருந்தே தொடங்குகிறார்கள்.